மோடத்தில் ஒரு குறையும் இல்லை

ஜூன் 10
எங்கள் வீட்டு நெட் நெட்டுயிர்க்கிறதாம். கௌசல்யா அக்காவின் புகார். நாளை மறுநாள் அவளுக்கு வீடியோ இன்டர்வியூ, கோயம்புத்தூர் கம்பெனி. கல்லூரி முடித்து ஒரு வருஷத்தில் வந்த முதல் அழைப்பு. "மோடத்தக் கொஞ்சம் பாரு அப்பு" என்றாள். தூசி துடைத்தேன், ஒயரை இறுக்கினேன், அணைத்துப் போட்டேன். என் போனில் நெட் பறந்தது. "மோடத்துக்கு மூடு சரியாயிருச்சு" என்று அறிவித்தேன்.

ஜூன் 12
அறைக்குள்ளிருந்து, "சார், கேக்குதா? சார்?" பத்துத் தடவையாவது இருக்கும். அப்புறம் சத்தமே இல்லை.

"என் மூஞ்சி அப்படியே நின்னுபோச்சாம். அவுங்களே கட் பண்ணிட்டாங்க" என்றபடி வெளியே வந்தாள்.

என் போனில் நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது — ஐயோ. ஏப்ரல்!

பரீட்சை நேரத்தில் கேம் ஆடினேன் என்று ஏப்ரலில் அப்பாவிடம் வத்தி வைத்தாள். பதிலுக்கு நான் மோடத்தின் செட்டிங்ஸுக்குள் போய் அவள் லேப்டாப்புக்கு மட்டும் வேகத்தைக் குறைத்தேன். இரண்டு நாளில் எடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். மறந்தே போனேன். இப்போது எடுத்துவிட்டேன். பத்து வினாடி வேலை. பத்தே வினாடி!

ஜூன் 14
அப்பா சொல்லி, கேபிள்காரர் இனிகோ அண்ணன் செம்பட்டியிலிருந்து வந்தார். பழைய மோடத்தைக் கழற்றிவிட்டுப் புதுசை ஹால் சுவரில், உயரமாக மாட்டினார். பீரோவுக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் படுத்துவிடுமாம். நான் ஏணி பிடித்தேன்.

லேப்டாப்பில் சோதித்தார். "இப்ப ஸ்பீடு நூறு வருதுண்ணே. பழசுலயே அறுவது வந்துச்சு. லைன்லயும் கொறையில்ல, மோடத்துலயும் கொறையில்ல."

அப்பா அக்காவைப் பார்த்தார். "பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு தாயி. நெட்டு மேல பழியப் போடாத."

அக்கா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் ஏணியை மடக்கினேன்.

ஜூன் 15
புது மோடத்தில் நாலு பச்சை விளக்கு. நாலும் என்னையே முறைக்கின்றன.

ஜூன் 16
"இன்னொரு தடவ கேட்டுப் பாரேன்டி" என்றாள் அம்மா.

"என்னன்னு கேக்க? நெட்டு நல்லாத்தான இருக்கு. நாந்தான் ஒளறிட்டேன் போல."

அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். சொல்லலாமா? அப்பா போனைப் பிடுங்குவார். பிடுங்கட்டும் என்று கை எழுதுகிறது. வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 17
சொல்லிவிட்டேன். காலையில், எல்லோரும் சாப்பிடும்போது. ஒரு சிலேடையும் வரவில்லை. அப்பா பிட்ட இட்லி கையிலேயே நின்றது.

"வெளையாட்டாலே அது?" அக்காவின் குரல் உடைந்தது. லேப்டாப்பை என் முன்னால் தள்ளினாள். "அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நீயே எழுது. ஒரு வார்த்த மறைக்கக் கூடாது."

எழுதினேன். இங்கிலீஷ் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினாள்.

"நானும் அப்படிப் பேசிருக்கக் கூடாது தாயி" என்றார் அப்பா. என் போனைப் பிடுங்கவில்லை.

ஜூன் 19
பதில் வந்தது. நாளை பத்து மணிக்கு மறுபடி.

ஜூன் 20
யாரும் ஸ்விட்சில் கை வைத்துவிடக் கூடாது என்று மோடத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். அக்காவின் குரல் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. நடுவில் ஒருமுறை சிரித்தாள்.

வெளியே வந்து, "கேட்டதுக்கெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள், அம்மாவிடம்.

நேற்றே வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். அப்பா போனிலும் அம்மா போனிலும் போட்டுக் கொடுத்தாயிற்று. என் போனில் இல்லை.

நான் கேட்கவில்லை.