கொன்றைமோட்டைப் பேணித் தொலைபேசி உற்பத்தியாளரின் முறைப்பாடு

அனுப்புபவர்:
ஞா. கலிஸ்ரா, தரம் 9,
குளக்கட்டோரக் கொட்டில்,
கொன்றைமோட்டை, ஒட்டுசுட்டான்.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
ஒட்டுசுட்டான்.

விடயம்: தொலைபேசி நிறுவனம் வீழ்ந்ததற்காக எங்கள் குடும்பத்தைக் குடியெழுப்புவதை நிறுத்தக் கோருதல்.

கனம் ஐயா,

1. நாங்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து முந்தின வருடம் இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பம். குளக்கட்டின் கீழ் அரச காணியில் கொட்டில் போட்டிருக்கிறோம். இம்மனுவைப் பற்றி என் அப்பா ஞானப்பிரகாசத்துக்குத் தெரியாது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. எல்லோரும் படுத்தபின் குப்பி விளக்கைப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு முறை அப்பா இருமும்போதும் விளக்கை ஊதி அணைக்கிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

2. சுவிசிலுள்ள என் மாமா, அங்கே சனங்கள் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் கொண்டு திரிவதாக எழுதியிருந்தார். எங்கள் வகுப்பில் எவரும் எந்தத் தொலைபேசியையும் தொட்டதில்லை. ஆகையால் அதைச் செய்ய முடியாது என்று சொல்லவும் ஆளில்லை. நானும் என் தோழி யதுர்ஷிகாவும் அன்றைக்கே நிறுவனம் தொடங்கினோம். வெறும் பால்மாத் தகரப் பேணிகள் அவளுடையவை. பேணிகளை இணைக்கும் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், என்னுடையது. கடல் இல்லாத ஊரில் அப்பாவின் தங்கூசிச் சுருள் சும்மாதான் கிடந்தது. அவரே எடுத்துத் தந்தார். எங்கள் தொலைபேசியையும் கையில் கொண்டு திரியலாம், தங்கூசி எட்டும் தூரம் வரை.

3. வயலில் யானைக் காவல் இருக்கும் மயில்வாகனம் அண்ணை முதலில் சிரித்தார். பிறகு தன் பரணிலிருந்து எதிர்ப் பரணிலுள்ள பிரதாபன் அண்ணையுடன் கதைத்துப் பார்த்தார். "டேய், உன்ர மூச்சுக்கூடக் கேக்குதடா!" என்று அவர் பேணிக்குள் கத்தியது பேணி இல்லாமலே குளக்கட்டுவரை கேட்டது. அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் வரிசையாக நின்றார்கள். எல்லாப் பரண்களுக்கும் இணைப்புக் கொடுத்தோம். ஊரில் ஒரு பேணி மிச்சமில்லை. சீனி வைக்கப் பேணி இல்லையென்று யதுர்ஷிகாவின் அம்மா விமலேஸ்வரி அன்ரி எங்களைத் திட்டினா. திட்டிவிட்டுத் தன் குசினிக்கும் ஒன்று கேட்டா. ஐயா, அந்த நாட்களில் நாங்கள் நடந்து திரியவில்லை, பறந்து திரிந்தோம். என்னை 'மனேச்சர் அம்மா' என்று கூப்பிட்டார்கள்.

4. வீழ்ச்சி பின்வருமாறு நடந்தது. தொலைபேசி வருமுன் காவல்காரர் நித்திரை கொள்ளாமலிருக்க இரவு முழுவதும் பரணுக்குப் பரண் 'ஓஹோ' என்று கூவுவார்கள், அடுத்த பரண் பதில் கூவும். அந்தச் சத்தத்துக்குத்தான் யானைகள் காட்டுக்குள் நின்றிருக்கின்றன. இது ஒருவருக்கும் விளங்கவில்லை. தொலைபேசி வந்ததும் கூவலை விட்டுவிட்டு எல்லோரும் பேணிக்குள் குசுகுசுத்தார்கள். சென்ற வியாழன் இரவு பிரதாபன் அண்ணை பாட்டுகளோடு சேர்த்து ஒரு முழுப் படக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேணியில் மொறுமொறு என்று சத்தம் கேட்கவே, "அடே, எனக்குத் தராமல் என்னடா தின்னுறாய்?" என்று மயில்வாகனம் அண்ணை கோபித்தார். தின்றது யானை. தங்கூசியோடு உரசிக்கொண்டு நின்று நெல் தின்றது.

5. அவ்யானையின் காலில் தங்கூசி சிக்கிப் பேணி பின்னால் இழுபட்டது. அந்தக் கடகடச் சத்தத்துக்கு மிரண்டு முழுக் கூட்டமும் காட்டுக்குள் ஓடியது. எனவே யானைகளைத் துரத்தியதும் எங்கள் தயாரிப்பே. இதை ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கவனத்தில் எடுக்கவில்லை.

6. அமைப்பின் செயலாளர் ஏரம்பு ஐயாவின் வயலில்தான் சேதம் அதிகம். அவர் கவலைப்பட்டது நியாயம். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் நாங்கள் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போகவேண்டுமென அமைப்பு தீர்மானித்துள்ளது. கரையார் ஊருக்கு வந்தபின்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. அப்பா தலையாட்டிவிட்டு வந்து கூரைக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். எங்கே போவது என்று அம்மா கேட்டா. அவர் அடுத்த கயிற்றை அவிழ்த்தார்.

7. நிறுவனத்தில் பங்காளிகள் இருவர். தண்டனை ஒரு வீட்டுக்கு மட்டும் வந்திருக்கிறது. மற்றப் பங்காளி யதுர்ஷிகா, ஏரம்பு ஐயாவின் மகள். இதுவே என் முறைப்பாடு.

8. ஆகவே ஐயா அவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் நேரில் வந்து விசாரித்து, அறுவடை முடியும் வரையாவது எங்களை இங்கே இருக்கவிட உத்தரவிடும்படி பணிந்து கேட்கிறேன். பதில் அனுப்புவதானால் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பவும்.

9. இத்தாளின் அடியில் இரண்டாவது ஒப்பம் ஒன்று இருக்கிறது. நான் எழுதுமுன்பே, வெற்றுத் தாளாக இருக்கும்போது, யதுர்ஷிகா வகுப்பில் வைத்து அதைப் போட்டுத் தந்தாள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டு ஒப்பமிடு, வீட்டில் அடி விழும் என்று கெஞ்சினேன். "விட்டால் நான் ஆரின்ர மகளெண்டு பிரதேச செயலாளருக்கு எப்பிடியடி தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அந்த எழுத்தைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாக எழுதினாள்.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

ஞா. கலிஸ்ரா
ஏ. யதுர்ஷிகா

கொன்றைமோட்டை
18.01.1998