பெட்டியைப் பார்த்து வாங்கிய பவர்பேங்க்

ஜூன் 8, திங்கள்

கற்பகவல்லியின் போன் மதியத்துக்குள் செத்துப்போகிறது. நாலு வருஷத்துப் போன். அதன் பேட்டரிக்கும் அவள் புருஷனான எனக்கும் ஒரே மூச்சிரைப்பு. தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் அவள் பேக்கிங்கில் இருக்கிறாள். போனைக் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வெளியே வந்து “வேன் ஏறிட்டேன்” என்று அவள் சொன்னால்தான் எனக்கு டீ இறங்கும். இரண்டு நாளாக அந்தச் சொல் வரவில்லை. பவர்பேங்க் வாங்கித் தருகிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, புதன்

அருள்பாண்டியின் செல்போன் கடை. மூன்றை எடுத்துப் போட்டான். ஒன்று சாம்பல் நிறம், பத்தாயிரம் எம்ஏஎச், 1,450 ரூபாய். மூஞ்சி செங்கல் மாதிரி. அடுத்தது இருபதாயிரம், 2,100 ரூபாய்; தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும், உள்ளே ஆலங்குளம் சிமெண்டை ஊற்றியிருப்பானோ? மூன்றாவது — அடடா! அதுவும் இருபதாயிரம்தான், ஆனால் 699 ரூபாய். மயில் நீலப் பெட்டி, தங்க ஃபாயில், புடைத்த எழுத்தில் எம்போஸ். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். அச்சில் நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு வருஷமாக அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு டிசைன் போடுகிறவன் நான். இப்படிப் பெட்டி அடிக்கிறவன் உள்ளே மோசமான சாமானை வைப்பானா?

“அண்ணாச்சி, சாம்பல எடுங்க, ஒழைக்கும். நீலத்துக்கு கேரண்டி கெடையாது” என்றான்.

அவனுக்கு லாபம் எதில் என்று எனக்குத் தெரியாதா? நீலத்தை எடுத்தேன்.

ஜூன் 11, வியாழன்

பக்கத்து வீட்டு வீரலட்சுமி, “எம்புட்டு அழகா இருக்கு!” என்றாள். என் முகத்தைப் பார்த்து இருபது வருஷத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. பவர்பேங்க் சார்பில் நான் வெட்கப்பட்டேன்.

ஜூன் 17, புதன்

இன்றும் போன் வரவில்லை. கேட்டால், சிக்னல் இல்லையாம்.

ஜூன் 23, செவ்வாய்

எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது: தாயில்பட்டிப் பக்கம் ஆலையில் வெடி விபத்து. எந்த ஆலை? ஒரு பயலும் சொல்லமாட்டான். கும்பிடும் கைப் படம் மட்டும் நூறு வருகிறது. அவளைக் கூப்பிட்டேன்; போன் கேட்டில் இருந்தாலும் யாராவது எடுப்பார்களே. ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். அந்தப் பதிவுக் குரல்காரி எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள்! அவள் வீட்டில் யாரும் பட்டாசு ஆலைக்குப் போகவில்லை போல.

பைக்கில் போனேன். வழியில் போலீஸ் மறித்துவிட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். சுற்றியிருந்த ஆலைகளை எல்லாம் நிறுத்தி ஆட்களை அனுப்பினார்கள். ஏழாவது வேனிலிருந்து இறங்கினாள். விபத்து வேறு ஆலையில். அங்கே இரண்டு பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுடைய போனுக்கும் யாரோ அடித்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்?

அவளைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதேனா? இல்லை. நடுரோட்டில் கத்தினேன். “போன எங்கடி வச்சித் தொலச்ச?”

பையிலிருந்து மயில் நீலத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “பாருங்க, நாலு லைட்டும் ஜோரா எரியுது. காலையில நாப்பது நிமிசம் வேன்ல மாட்டியிருந்தேன். ரெண்டு பர்சன்ட் ஏறுச்சு. ஒரு வாரமா இந்தக் கூத்துதான். ஆசையா வாங்கியாந்தீகளேன்னு சொல்லல.” பிறகு, “எனக்கு வாங்குனீகளா, ஒங்க கண்ணுக்கு வாங்குனீகளா?”

ஜூன் 24, புதன்

அருள்பாண்டியோடு சண்டை. கடை வாசலில் கூட்டம் கூடுகிற அளவுக்கு.

அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெட்டியைத் திருப்பிக் காட்டினான். “இத வாசிச்சீகளா?”

அச்சில் புள்ளி பார்க்கிற லென்ஸ் எப்போதும் என் பையில் இருக்கும். வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் கட்டைவிரல் உயரத்தில் இருபதாயிரம். பின்பக்கம், ஒட்டும் மடிப்பை ஒட்டி, கடுகு உயரத்தில்: வெளியே கிடைக்கும் அளவு 4,800, வேகம் அரை ஆம்பியர்.

“ஏமாத்துக்காரப் பயலுக!” என்றேன்.

“அண்ணாச்சி, ஒங்க ராக்கெட் பெட்டியில ஏழு கலர்ல பூ விரியுது. எங்க மொட்டமாடியில ஒரு கலருகூட ஒழுங்கா விரியல. நான் வந்து ஒங்க சட்டையப் புடிச்சேனா?”

கூட்டம் சிரித்தது. ‘படம் விளக்கத்துக்கு மட்டும்’ என்ற வரியை நாலு பாயிண்ட் பொடி எழுத்தில், மடிப்பை ஒட்டி, இருபத்தாறு வருஷமாக வைத்து வருகிறவன் எவன்? திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே வைக்கிறேன்? நானே திருப்பிப் பார்க்கவில்லையே! இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஜூன் 28, ஞாயிறு

இந்த முறை கடைக்கு அவளே வந்தாள். டிசைனைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

“நாப்பது நிமிசத்துல எம்புட்டு ஏறும்? சோத்துத் தூக்கோட தூக்குனா கனக்குமா? கெட்டுப்போனா மாத்தித் தருவீகளா?”

இருபத்தாறு வருஷ அனுபவஸ்தனுக்கு இதில் ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. சாம்பலில் தன் போனை மாட்டச் சொல்லி, கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நிமிஷம். அருள்பாண்டி இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தான். மூன்று பர்சன்ட் நாற்பத்தெட்டு ஆனது. அதையே வாங்கினோம்.

ஜூலை 9, வியாழன்

மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப்! 1,450 ரூபாய்! நாளைக்கு அருள்பாண்டி செத்தான்.

ஜூலை 10, வெள்ளி

அருள்பாண்டி பிழைத்தான். இவள்தான் பவர்பேங்கைப் போகும்போதும் வரும்போதும் வேனில் கூட வருகிற பொன்னுத்தங்கத்தின் போனில் மாட்டியிருக்கிறாள்.

“அவளுக்குப் பால்குடி மாறாத புள்ள வீட்டுல கெடக்கு. அதுக்கு முடியலன்னா யாரு சொல்லுவா?”

“அப்ப ஒன் போனு?”

“எனக்கு ஒண்ணுன்னா அவ ஒங்களுக்குச் சொல்லுவா.”

என்ன பேச்சு இது! இரவு சாப்பிடவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

ஜூலை 11, சனி

இன்னொரு சாம்பல் வாங்கினேன். அருள்பாண்டி ஏன் என்று கேட்கவில்லை. நூறு ரூபாய் குறைத்துக்கொண்டான்.

ஜூலை 18, சனி

வேன் வந்து நிற்கும் இடத்துக்கே போயிருந்தேன். இறங்கினாள். பையைப் பார்த்தால் இரண்டு பவர்பேங்கும் இல்லை.

“ஒண்ணு பொன்னுத்தங்கம் வீட்டுல. இன்னொண்ணு ஏழாயிரம்பண்ணையில ஏறுற புள்ளைக கையில. திங்கக்கெழம வந்துரும்.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வேன் ஜன்னல் முழுக்க முகங்கள்.

“வேன்ல மொத்தம் எத்தன பேரு?” என்று கேட்டேன்.

பதினாறு பேராம்.