நாலரை ஜிபி நாய்த் தடுப்பூசி

மார்ச் 3, செவ்வாய்

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கால்நடை டாக்டர் அம்மாவிடமிருந்து போன். நானும் என் கூட்டாளி பூட்டும் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறோமே, தடுப்பூசி மென்பொருள்—எந்த நாய்க்கு எப்போது ஊசி என்று ஞாபகப்படுத்துவது—அதை முதன்முதலில் நம்பிய ஆள் இவர்தான்.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. புதியதில் எங்கள் இமேஜை இறக்கினால் ஒன்பது மணி நேரம் காட்டுகிறதாம். பாதியில் நெட் அறுந்து, மறுபடி முதலிலிருந்து.

"இமேஜ்னா படம்தானேம்மா? ஒரு படம் இறங்க ஒன்பது மணி நேரமா?"

படமில்லை டாக்டர், மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை, அதற்குத்தான் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர் என்றேன்.

"அப்போ மூட்டைக்குள்ள கல்ல வச்சுக் கட்டியிருக்கீங்க. அடுத்த வெள்ளி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நோட்டுப் புஸ்தகம்தான்."

மார்ச் 4, புதன்

மூட்டையை எடை பார்த்தேன். நாலரை ஜிபி. ஒரு நாய்க்கு ஊசி என்று சொல்ல நாலரை ஜிபி! எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 7, சனி

அந்த மூட்டையைக் கட்டும் பில்டு ஃபைல்களைத் திறந்தேன். ஒன்றில்லை, பதினொன்று. வெவ்வேறு கம்ப்யூட்டர்களுக்காம். இரண்டு வரி தவிர எல்லாம் ஒன்றேதான். மூன்று வரிக்கு ஒருமுறை பூட்டின் குறிப்பு: "தொடாதே. உடையும்." அவனுக்கு அந்தப் பெயரை நான் சும்மா வைக்கவில்லை. ஐந்து வருடக் கூட்டாளி. இன்னும் நேரில் பார்த்ததில்லை.

போன் போட்டேன்.

"பதினொண்ணையும் ஒண்ணாக்கப் போறேன்."

"ஐயோ வேணாம். ஓடுதுல்ல?"

"டாக்டர்கிட்ட ஓடலையே."

"அது அவங்க நெட்டு."

கத்தினேன். கத்தினான். வைத்துவிட்டான்.

கோபத்தில், 'நாற்பது விநாடி காத்திரு' என்றிருந்த ஒரு வரியைத் தூக்கினேன். என்ன ஆயிற்று? ஒன்றுமே ஆகவில்லை. அப்படியானால் ஐந்து வருடமாக யாருக்காகக் காத்திருந்தோம்?

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே பாதி எடையைக் குறைத்துவிட்டேன். மென்பொருளைக் கட்டுவதற்கு மட்டும் தேவைப்படும் கருவிகள் எல்லாம் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தன. வீட்டைக் கட்டி முடித்த பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் குடியிருந்திருக்கிறோம். கட்டுவதை ஓர் இடத்தில் முடித்து, கட்டியதை மட்டும் மூட்டையில் வைக்கச் சொன்னேன்.

மீதி இரண்டேகால் ஜிபி. அதில் இரண்டு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல். பெயர்: கடைசி_கடைசி_இதுதான். திறந்தேன்.

அக்கா கணவரின் நாற்பதாவது பிறந்தநாள். மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார். அக்கா பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறாள். பாடுவது—வேறு யார்? நான்தான். இருபத்து மூன்று நிமிடம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதை வெட்டி ஒட்டியது இதே லேப்டாப்பில். தப்பான ஃபோல்டரில் சேமித்திருக்கிறேன். இமேஜைக் கட்டுவதும் அங்கிருந்துதான். 'இங்கே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்' என்று ஒரு வரி. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு இறக்கியவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். இவ்வளவு நாளும் பூட்டைத் திட்டிக்கொண்டிருந்தேனே நான்!

மார்ச் 9, திங்கள்

பழைய இமேஜ்களை இணையத்திலிருந்து நீக்கினேன். வீடியோவையும் ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டு பில்டு போட்டால் நின்றுவிட்டது. 'முக்கியமான ஃபைலைக் காணோம்.'

பூட்டைக் கூப்பிட்டேன்.

"அந்தச் சோதனையை நான்தான் போட்டேன்" என்றான். "ஒரு தடவ என் மெஷின்ல கட்டுனப்ப அந்த ஃபைல் மட்டும் வரல. நீ ஏதோ முக்கியமா வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"திறந்து பாக்கலையா?"

"அடுத்தவங்க ஃபைலத் திறக்கலாமா? தப்பில்லையா?"

"எங்க மாமா ஆடுற வீடியோ அது."

அந்தப் பக்கம் ஒரு விக்கல் மாதிரி. சிரிக்கிறான்! ஐந்து வருடத்தில் முதல் முறை. நானும் ஆரம்பித்து, வயிறு வலித்த பிறகுதான் நிறுத்தினேன்.

"எதையெல்லாம் பயந்துபோய்ப் போட்டேன்னு எனக்கே தெரியல" என்றான். "நீ எடு. உடஞ்சா நான் ஒட்டுறேன்."

மார்ச் 10, செவ்வாய்

மறைத்து வைக்க மனசு வரவில்லை. அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தன பேரு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரம்."

"அந்தச் சாயம் போன பச்ச நைட்டியிலயா இருக்கேன்?"

"ம்."

"அடிப்பாவி!"

பின்னால் மாமாவின் குரல்: "யாராவது நல்லாருக்குன்னு சொன்னாங்களான்னு கேளு."

இனி அந்த லேப்டாப்போடு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். நியாயம்தான்.

மார்ச் 12, வியாழன்

ஒரே ஃபைல். பதினான்கு வரி. நூற்றறுபது எம்பி.

டாக்டருக்குச் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "ஒரு நாய்க்கு நகம் வெட்டிட்டுத் திரும்புறேன், இறங்கிடுச்சு. ஏம்மா, எல்லாம் வந்துச்சா? பாதிய விட்டுட்டியா?"

விட்டுவிட்டேன் டாக்டர். எதை என்று மட்டும் கேட்காதீர்கள்.

—இதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், பில்டு ஃபைலில் ஒரு வரியைத் திருத்தி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பழக்கமில்லாத கணக்கு. கூடவே குறிப்பு: "ஞாபகப்படுத்துறது ஒரு மணி நேரம் தள்ளி வருது. ஃபைல் சின்னதா இருக்கேன்னு படிச்சுப் பாத்தேன். நேரத்த வைக்கிற வரி இதுதானே? தப்பா இருந்தா திட்டக் கூடாது."

யாரென்று கணக்கைத் திறந்து பார்த்தால், டாக்டர் அம்மா! திருத்தம் சரிதான். நாங்கள் இருவருமே கவனிக்காத பிழை.

சேர்த்துக்கொள்ளலாம் என்று போனால், பூட்டு எனக்கு முன்பே சேர்த்துவிட்டான். கீழே அவன் எழுதியிருந்தது: "நன்றி டாக்டர். சனிக்கிழமை காலையில நாங்க போன்ல பேசிக்குவோம். நீங்களும் வர்றீங்களா?"

"காலையில கிளினிக் இருக்கு" என்று டாக்டர் பதில் போட்டிருக்கிறார். "சாயங்காலத்துக்கு மாத்துங்க, வரேன்."

மாற்றிவிட்டோம்.