முறை வைத்து மேய்க்கிறார்கள்

அண்ணே,

யார் காட்டிக்கொடுத்தது என்று சிறையிலிருந்து கேட்டு எழுதியிருந்தாய். முதலில் உன் ஆடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நலம். தெருவில் வீட்டுக்கு ஒருநாள் முறை வைத்து மேய்க்கிறார்கள். இன்று பாலம்மாள் அத்தை முறை. நீ விற்ற சாராயத்தைக் குடித்த அவர் வீட்டு மாமாவுக்கு இன்னும் கண் தெரியவில்லை. ஆடுகள் திரும்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தெருப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை.

"ஏட்டி, சரக்கு எங்கன இருக்குன்னு ஒனக்குத் தெரியும். ஒம் பேரு வெளிய வராது. அவன் வார வரைக்கும் ஆட்டை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அத்தை.

"அந்த முட்டுத கெடாவை மட்டும் அவன்கூடயே அனுப்பிருங்க" என்றாள் பக்கத்து வீட்டு விஜி. யாரோ சிரித்தார்கள்.

நான் கொல்லையில் இருந்த பருத்திமார் விறகு அடுக்கிய படப்பைக் கை காட்டினேன்.

அதன்பின் நம் ஊரில் யாரும் சரக்கு இறக்கவில்லை. மூன்று மாதமாக என் பெயரையும் யாரும் சொல்லவில்லை. மறைத்து மறைத்து எனக்குத்தான் அலுத்துவிட்டது.

திரும்பி வரும்போது என்னோடு பேசாவிட்டாலும் சரி. அத்தையிடமிருந்து ஆடுகளை எண்ணாமல் வாங்கிக்கொள்.

உன் தங்கை