உங்கள் வியாழக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன்

நாளிதழை எப்போதும் மரண அறிவிப்புப் பக்கத்திலிருந்து தொடங்கும் என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவுக்காக இந்தக் கடிதம் அந்தப் பக்கத்தில்தான் வரும். உங்கள் படம், பிறந்த நாள், மறைந்த நாள், கீழே உறவினர் பெயர்கள் என்று வழக்கமான கட்டம் போதும் என்றுதான் அம்மா சொன்னார். அந்தக் கட்டங்களை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் தாளை விரித்து, "இன்னிக்கு ரெண்டு பேரு என்னைவிடச் சின்னவங்க" என்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் படத்தைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா?

நான் வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிறவள் இல்லை. ஆனால் இந்த வருடம் நான் உங்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். எடுத்ததே எனக்குத் தெரியாது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இடமாற்றம் கிடைத்தது அப்பா. கிள்ளானில், நீங்கள் இருபது வருடம் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அதே இடைநிலைப்பள்ளி. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த இரண்டாம் மாதமே தலைமையாசிரியரிடம் போய், பிரெஞ்சு மொழி, பண்பாட்டுக் கழகம் ஒன்று தொடங்க அனுமதி கேட்டேன். சிரிக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை. இருபது மாணவர்கள், ஓர் அறை, ஒரு நாள். முதல் கூட்டம் நடத்திப் பார்த்துவிட்டு இந்த மூன்றையும் விண்ணப்பத்தில் எழுதித் திங்கள்கிழமை இரண்டு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார்.

நாள்தான் சிக்கல். புதன்கிழமை சாரணர், விளையாட்டு என்று நிரம்பிவிட்டது. மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் கொஞ்ச நேரத்தில் வேன்கள் கிளம்பிவிடும். மேரு, காப்பார், பண்டமாரான் என்று ஆளுக்கொரு திசைக்குப் போகிற பிள்ளைகள்; வேன் போனால் போனதுதான். வியாழக்கிழமை மட்டும் நான்கு வேன்களும் மூன்றரை வரை வாசலுக்கு வெளியே மரத்தடியில் நின்றன. ஏன் நிற்கின்றன என்று நான் யாரையும் கேட்கவில்லை. விண்ணப்பத்தின் நாள் கட்டத்தில் பென்சிலால் வியாழன் என்று எழுதினேன்.

வியாழக்கிழமைகளில் நீங்கள் போனை எடுக்கவே மாட்டீர்கள், நினைவிருக்கிறதா? பல்கலைக்கழகத்திலிருந்து நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து மணிக்கு மேல் நீங்களே கூப்பிட்டு, "வேலையா இருந்தேம்மா" என்பீர்கள். அதையும் ஏன் என்று நான் கேட்டதில்லை.

முதல் கூட்டத்துக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். ரொட்டியும் வெண்ணெயும் வைத்திருந்தேன். வாரா வாரம் இது உண்டா என்பதுதான் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. வணக்கம் சொல்லவும் பெயர் சொல்லவும் கற்றோம். பிறகு உலகப் படத்தில் பிரெஞ்சு பேசும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் என்றொரு தீவு. நம்மவர்களை இங்கே தோட்டத்துக்குக் கூட்டி வந்தது போலவே அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள் என்றேன். கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது. பேசுவது மட்டும் பிரெஞ்சும், அதிலிருந்து பிறந்த கிரியோலும்.

நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயதுத் துளசி கையைத் தூக்கினாள். "அவங்களுக்குத் தமிழ் கிளாஸ் இல்லையா டீச்சர்?"

"இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் படத்தில் அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் சந்திரன் சார் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பகுதி நேரமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்க வருகிறவர். வெள்ளிக்கிழமை அவருக்கு எங்கள் பள்ளியில் வேலை கிடையாது. இதற்காகவே வந்திருந்தார்.

"நேத்து என் கிளாஸ்ல பன்னெண்டு பேரு டீச்சர்."

"எந்த கிளாஸ் சார்?"

"தமிழ் கிளாஸ். பின்னாடி ப்ளாக், கெமிஸ்ட்ரி லேப் பக்கத்துல. பதினஞ்சு பேரு இருந்தாத்தான் நடத்த விடுவாங்க. சரியா பதினஞ்சு பேரு இருந்தாங்க. மூணு பேரு உங்ககிட்ட ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாம்."

"நான் படிச்சப்ப அது சனிக்கிழமைதானே சார்?"

"சனிக்கிழமைய நிப்பாட்டி ஆறு வருசமாச்சு. வியாழக்கிழமைக்கு மாத்தினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" அவர் என் முகத்தையே பார்த்தார். "உங்கப்பாதான்."

பிள்ளைகளின் விருப்பம்தானே சார் என்றேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"விருப்பந்தான். நான் ஒண்ணும் சொல்லல. திங்கக்கிழமை உங்க விண்ணப்பம் ஆபிசுக்குப் போகும். ஒரே நேரத்துல ஒரே பேரு ரெண்டு எடத்துல இருந்தா, எதை வெட்டுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

இடைவேளையில் துளசி வந்தாள். "டீச்சர், மத்த ரெண்டு பேரும் பயந்துகிட்டு தமிழுக்கே திரும்பிட்டாங்க. நான் மட்டும் இங்க வந்தாலும் அங்க பதினாலுதானாம்."

"உனக்கு என்ன வேணும் துளசி?"

"எனக்கு ரெண்டும் வேணும் டீச்சர். அதை யாரும் கேக்கல. எல்லாரும் பதினாலு பதினாலுன்னுதான் சொல்றாங்க."

அப்பா, அந்த எண்ணை நான் முதன்முதலில் கேட்டது உங்கள் வேனில். எனக்கும் அப்போது நான்காம் படிவம். கோலாலம்பூரில் சனிக்கிழமை காலை பிரெஞ்சு வகுப்பு நடப்பதாக ஓர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, தமிழை விட்டு அதற்குப் போகட்டுமா என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். உங்கள் மகள் என்பதால் நான்தான் எப்போதும் முதலில் ஏறுவேன், ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் இறங்குவேன். நீங்கள் திட்டவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ போனா பதினாலும்மா" என்றீர்கள்.

வீடு வீடாகப் போய்ப் பதினைந்து பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியவர் நீங்கள். உங்கள் மகளே விலகினால் அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் அதிகமானது. இரண்டு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து தமிழ் படித்தேன். அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. அதை உங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. எண்ணிக்கைக்காக உட்காரவைக்கப்பட்டவள் என்பதை மட்டும் முகத்தில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிந்த வாரமே நீங்கள் கோலாலம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு வகுப்பைத் தேடிப்பிடித்து என்னைச் சேர்த்துவிட்டீர்கள். வேனிலேயே கூட்டிப்போய் விட்டுவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோசைக் கடையில் மூன்று மணி நேரம் பத்திரிகையோடு காத்திருந்தீர்கள். வாரா வாரம். அது எனக்குக் கொடுத்த பரிசா, மன்னிப்பா? கேட்டிருக்கலாம். நாம் இருவருமே கேட்கிற ஆட்கள் இல்லை.

சனியும் ஞாயிறும் விண்ணப்பம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. கழகமே வேண்டாம் என்று கிழித்துப் போடலாம். அல்லது துளசியைக் கூப்பிட்டு, நீங்கள் என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். அவள் கேட்டுக்கொள்வாள். நான் கேட்டுக்கொண்டேனே.

"வேற நாளு போடேன்" என்றார் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"வேற நாள்ல வேன் நிக்காதும்மா."

"வியாழக்கிழமை மட்டும் அது தானாவா நின்னுச்சு? போயி முனியாண்டிகிட்ட கேளு."

திங்கள்கிழமை பள்ளி விட்டதும் விண்ணப்பத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். உங்கள் கூட்டாளி முனியாண்டி அங்கிளும் மற்ற மூன்று பேரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமையும் மூன்றரை வரை நிற்க முடியுமா என்று கேட்டேன். பிரெஞ்சுக் கழகம் என்றேன்.

காப்பார் வேன் ஓட்டும் பாலா அண்ணன் சிரித்தார். "பிரான்சுல ஸ்கூல் வேன் ஓட்ட ஆள் எடுக்குறாங்களா டீச்சர்? சொல்லுங்க, நானும் வந்து உக்காந்துக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மணி ஒன்று நாற்பது.

முனியாண்டி அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்கப்பா வியாழக்கிழமைய கேட்டப்ப சும்மா கேக்கல பாப்பா. ரெண்டு மணிக்கு எங்க எல்லாருக்கும் பாலர் பள்ளி டிரிப் இருக்கும். அந்தச் சின்னப் பிள்ளைங்கள நான் ஏத்தி எறக்குறேன், நீங்க இங்க நின்னு தமிழ் கிளாஸ் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்கன்னாரு. நாலு பேரு டிரிப்பயும் ஒத்த ஆளா ஓட்டுனாரு. ஒரு வாய் தண்ணி குடிக்க நிறுத்த மாட்டாரு."

நான் கூப்பிட்ட மணி எல்லாம் எங்கே அடித்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இப்ப யாரு ஓட்டுறா அங்கிள்?"

"அவரு போனப்புறம் பாலர் பள்ளியில பேசி வியாழக்கிழமை மட்டும் நேரத்த மாத்திக்கிட்டோம். அவரு இல்லன்னு உடனே விட்டுட்டுப் போக மனசு வரல லா. ஆனா ரெண்டாவது நாளுன்னா முடியாதும்மா. நீ என்ன, வேன் ஓட்டப் போறியா?"

என்னிடம் வேன் இல்லை. உங்கள் வேனை விற்ற அன்று நான் அறைக்குள் இருந்தேன், வெளியே வந்து பார்க்கவில்லை. மணி ஒன்று நாற்பத்தைந்து. பிள்ளைகள் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாலா அண்ணன் வேனில் ஜன்னலோரம் துளசி.

"நீங்க ஏன் நிக்கணும் அங்கிள்? டிரிப்ப முடிச்சிட்டு வரலாமே?"

"வரலாம். நாலரை ஆயிரும். அது வரைக்கும் பிள்ளைங்கள ரோட்டுல விட முடியுமா? ஏதாச்சும் ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? சந்திரன் சாரும் கிளாஸ் முடிஞ்சா அடுத்த பள்ளிக்கு ஓடணும். அதனாலதான் நாங்க நிக்கிறது."

"நான் நிக்கிறேன்."

"மழை பெஞ்சா?"

"நிக்கிறேன் அங்கிள்."

"எனக்கு டயர் பஞ்சராகி அஞ்சு மணிக்கு வந்தா?"

"அஞ்சு மணிக்கும் இங்கதான் நிப்பேன்."

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே ஒரு பையனின் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். "சரி. ஆனா உங்கிட்ட விட்டுட்டுப் போற தலை அத்தனையும் நான் வரும்போது இருக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் நான் வண்டிய எடுக்க மாட்டேன், உன்னத்தான் கேப்பேன்."

இன்னும் இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்கள். பாலா அண்ணன் அசைக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நாலரைக்கு மேல காப்பார் ரோட்டுல கண்டெய்னர் லோரியா நிக்கும். கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போக ஆறரை ஆயிரும். அவங்கம்மாங்க என்னத்தான் ஏசுவாங்க."

நியாயம்தான். மாணவர்களை என் காரில் ஏற்றப் பள்ளியில் அனுமதியும் கிடையாது.

இரண்டு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தில் வியாழனை அழித்துவிட்டுச் செவ்வாய் என்று பேனாவால் எழுதினேன். காப்பார் வேனில் போகும் ஆறு பேரின் பெயரை அடித்தேன். ஆறாவது துளசி. மீதி பதினேழு. தலைமையாசிரியர் பார்த்தார், இந்தப் பருவ முடிவுக்குள் இருபது ஆகாவிட்டால் கழகம் இல்லை என்றார்.

துளசியிடம் சொன்னபோது, "பரவால்ல டீச்சர்" என்றாள். அந்த முகத்தை நான் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை. உங்கள் கண்ணாடியில் இரண்டு வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினீர்களா?

இன்று மூன்றாவது செவ்வாய்க்கிழமை. இதை மரத்தடியில் நின்று, மாணவர் வருகைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி நான்கு நாற்பது. இரண்டு வேன்கள் வந்து போய்விட்டன. மேரு பிள்ளைகள் ஐந்து பேர் மீதி. ரோட்டில் போகிற லோரிகளைப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பதினாறுக்கு மேல் தடுமாறுகிறார்கள். மேற்கே வானம் கறுத்துவிட்டது. முனியாண்டி அங்கிளை இன்னும் காணோம். வேனைப் பார்க்கும் வரை ஐந்து தலைகளையும் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

தமிழ் வகுப்பில் பதினைந்து பேரும் இருக்கிறார்கள். சந்திரன் சார் என்னைப் பார்த்தால் இப்போது தலையசைக்கிறார். பாலா அண்ணனிடம் நேற்றும் கேட்டேன். "போன வாரமும் கேட்டீங்க, இந்த வாரமும் கேக்குறீங்க. குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கா லா?" என்றார். ஆனால் முடியாது என்ற வார்த்தையை இந்தத் தடவை சொல்லவில்லை. அதை ஜன்னலோரம் இருந்த துளசியும் கவனித்தாள்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு. அவர் சம்மதிக்கும் வரை திங்கள்தோறும் போய்க் கேட்பேன். கழகம் நிலைக்கட்டும், போகட்டும், நீ போனால் இத்தனை பேர்தான் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். எண்ணுவது என் வேலை, அவர்களுடையது இல்லை. உங்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் அப்பா. கொஞ்சம் சொல்கிறேன்.

வேன் திரும்புகிறது. ஐந்து பேரையும் எண்ணி ஏற்ற வேண்டும்.

முதலில் ஏறி, எல்லாரையும் அவரவர் வீட்டில் விட்ட பிறகே இறங்கிய
உங்கள் மகள்,
சரண்யா