யானைக்கு மீசை

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. நாலு மணிக்குப் பழைய புத்தக வியாபாரி வருவாராம். என் சின்ன வயது யானைக் கதைப் புத்தகத்துக்கு நீங்கள் விலை பேசிய சேதியை அவர் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"முதல் பதிப்பும்மா. குழந்தைங்க கை படாம இருந்தாத்தான் மதிப்பு" என்றார். குழந்தைகள் புத்தகத்தில் குழந்தை கை படக்கூடாதாம். நல்ல கூத்து!

நீங்கள் என்னைக் கேட்காமல் விலை பேசினீர்கள். நானும் உங்களைக் கேட்காமல் புத்தகத்தையும் கலர் பென்சில்களையும் நம் சின்னவளிடம் கொடுத்துவிட்டேன். யானைக்கு இப்போது பச்சை மீசை. பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

வருகிறவருக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள். நாங்கள் வர ஆறு மணியாகும்.

பி.கு.: ரப்பரைத் தேடாதீர்கள். என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று: அது அப்பா மீசையாம். பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.