கொட்டாத பீர்

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜூலையில் நீ பெட்டியோடு சிகாகோவுக்குக் கிளம்பிய மறுவாரம், நிலவறையில் நீ பாதியில் விட்டுப்போன பீர்மேல் வெள்ளை ஆடை படர்ந்தது. போனில் சொன்னேன். "கிருமி புகுந்துடுச்சு, கொட்டிடு. உனக்கு இதெல்லாம் வராது" என்றாய்.

நான் கொட்டவில்லை. இருபது வருஷமாக வீட்டிலேயே பீர் காய்ச்சும் பக்கத்து வீட்டு மார்லிஸ் டார்ச் அடித்துப் பார்த்தாள். "பஞ்சு பஞ்சா பூசணம் பிடிச்சிருந்தா தூக்கி ஊத்துடி. இது காட்டு ஈஸ்ட். மூடி வச்சுட்டுப் பொறு" என்றாள்.

நான்கு மாதம் பொறுத்தேன். பாட்டில் வெடித்துவிடக் கூடாதென்று, சர்க்கரையை அளக்கும் மிதவையை விட்டுப் பார்த்து, அளவு மூன்று வாரம் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைத்தேன். எலுமிச்சைபோல் சுள்ளென்று புளிக்கிறது. நன்றாக இருக்கிறது.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு உன் அம்மா இங்கேதான் வந்தார். வான்கோழியோடு இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "அவன் காய்ச்சினதுலயே இதுதான் உருப்படி" என்றார்.

"அவன் கொட்டச் சொன்னது அத்தை, நான் காப்பாத்தினது" என்றேன். சிரித்துக்கொண்டே தம்ளரை மறுபடியும் நீட்டினார்.

பீர் காய்ச்சும் உன் ஜாடிகளை எடுத்துப்போக வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. அவற்றில் நானே காய்ச்சிய பீர் நுரைத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
இந்த வீட்டில் இருப்பவள்